வெந்நீரில் பச்சையான செம்பாசி

திண்டுக்கல், ஆடி வியாழன்.

கடற்பாசி உரம் விற்கும் வணிகர் தந்த செம்பாசியை அவர் கடையிலேயே வெந்நீரில் இட்டேன். சின்னாளப்பட்டியில் சேலைச் சாயத்தை அப்படித்தான் சோதிப்பார்கள். சிவப்புக் கரைந்து பச்சை வெளிப்பட்டது. வெறும் புல்லுக்குச் சாயமேற்றி உழவரை ஏய்க்கிறார் என்று நாளை ஆத்தூர் உழவர் கூட்ட மேடையில் முழங்க உரையும் எழுதிவிட்டேன்.

வீட்டில் அதைக் கேட்டு, பயிரியல் பயிலும் மகள் சிரித்தாள். "சாயம் இல்லப்பா. கடலுக்கடியில வர்ற பச்சை வெளிச்சத்தை அந்தச் சிவப்புதான் பிடிச்சு உள்ள இருக்க பச்சையத்துக்குக் குடுக்கும். வெளிச்சம் அளவுக்கு மீறுனா மிச்சத்தைச் சூடா வெளிய தள்ளிரும். ஆனா அது புரதம்; கொதிக்கிற தண்ணியில போட்டா சிவப்பு அழியாம என்ன செய்யும்?"

பாசியை நம்புகிறேன். வணிகரை நம்பவில்லை. வெந்நீரை அவரே முந்திக்கொண்டு எடுத்துத் தந்தார். நிறம் மாறியபோதும் காரணத்தைச் சொல்லவில்லை. விடைபெறும்போது மட்டும் சொன்னார்: "நாளைக்கு ஐயா பேசுறதைக் கேக்க முன்வரிசையிலயே உக்காருவேன்."