மூவரும் தூங்காத வீடு

இன்று என் மீசை போய்விட்டது. வேப்பமரத்தடியில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கித் தலையை ஆட்டிவிட்டேன். கத்தியோடு ஒரு பக்கம் போயிற்று. மிச்சத்தையும் எடுத்துவிடச் சொல்லி, துண்டால் வாயை மூடிக்கொண்டு வீடு வந்தேன். நம் மகள் பார்த்துவிட்டு, "யாருங்க? அப்பா வீட்ல இல்லையே" என்றாள்.

நேற்று இரவு அவளுக்கு வெகுநாள் கழித்து வலிப்பு வந்தது. அது நின்றதும் அவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் கண் மூடவில்லை. நீ அடுப்படியில் நின்றபடியே கண் அசந்த பகல்களெல்லாம் இன்று நினைவுக்கு வந்தன.

யுத்த காலத்தில் தறிக்கு நூல் இல்லை, விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. இருட்டில் வலிப்பு வந்தால் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமே என்று நீ தவித்தாய். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நரிக்குடியில் ஆடு வளர்க்கும் சொந்தக்காரரிடம் குட்டிக்குக் கட்டும் மணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அவள் கணுக்காலில் கட்டினேன். "நான் என்ன ஆடாப்பா?" என்றாள். கை கால் வெட்டி இழுத்தால் மணி சொல்லிவிடும் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

மணி சொல்லத்தான் செய்தது. கொசு கடித்தாலும் சொன்னது, புரண்டு படுத்தாலும் சொன்னது. நீ பாய்ந்து எழுந்து அவளை உலுக்குவாய். "தாயி, ஒரு வார்த்தை பேசு தாயி." அவள் பேசினால்தான் விடுவாய். நான் எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். "கொறட்டை விடுற காவக்காரரு வந்துட்டாரு" என்பாய். வலிப்பு கூடியது. கூடக் கூட, நாம் இன்னும் எழுப்பினோம்.

அருப்புக்கோட்டை டாக்டர் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்.

"இது என்னய்யா?"

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"ராத்திரி எப்பெப்ப எழுப்புவீக?"

"அது அடிக்கிறப்ப எல்லாம்."

அவர் உன்னைப் பார்த்துத் திரும்பினார். "தூக்கம் கெட்டா இந்த நோவு கூடும்மா. மாத்திரை தாரேன், ஒரு நாளும் விடாமக் குடுங்க. மொதல்ல பிள்ளையத் தூங்க விடுங்க. நீங்களும் தூங்குங்க."

நீ அங்கேயே குனிந்தாய். மணியின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து எடுத்தாய். நம் பாளையம்பட்டிக்கு நடந்தே வந்தோம். வீட்டு வாசலில், "நாமளே எழுப்பி எழுப்பிக் கெடுத்துருக்கோமே" என்றாய்.

மாத்திரை கேட்டது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. பிள்ளை தூங்கினாள். நீதான் தூங்கவில்லை. அவள் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு பார்த்துக்கொண்டே கிடப்பாய். "நான் பாத்துக்கிறேன், நீ படு" என்றால், "நீங்க பாக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா" என்று சிரிப்பாய். உன் உடம்புக்குத் தூங்கும் வழியே மறந்து போயிருந்தது. இப்போது உன் இடத்தில் நான் படுக்கிறேன். என் புறங்கைக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

போன ஐப்பசிக் காய்ச்சலில் நீ போனாய். நடுப்பகலில் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். புருவத்து நடுவில் எப்போதும் இருக்கும் சுருக்கம் இல்லை. அவ்வளவு ஓய்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தெருவிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். நான் எழுந்து வாசலை மறித்துக் கையைத் தூக்கினேன். நான் விழப்போகிறேன் என்று நினைத்து உன் அண்ணன் ஓடிவந்து தாங்கினார். "என்ன மாப்ள, என்ன வேணும்?" ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தூங்குறா.