பலூன்மேல் வைத்த புள்ளி

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிரபஞ்சம் விரிவதை விளக்க, ஒன்பதாம் வகுப்பில் பலூன்மேல் பேனாவால் புள்ளிகள் வைத்து ஊதினேன். நஸ்ரின் எழுந்தாள்.

"டீச்சர், நீங்க வச்சீகளே, அந்தப் புள்ளியும் பெருசாகுதே. அப்ப நாமளும் விரியிறோமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பாடத்துல இருக்கிறத மட்டும் கேளு, உக்காரு" என்று அதட்டிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் அப்புறம் தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நாம் விரிவதில்லை. ஒவ்வொரு விண்மீன் கூட்டத்தையும் ஈர்ப்பு விசை இறுக்கிப் பிடித்திருக்கிறது; கூட்டங்களுக்கு நடுவிலுள்ள வெளிதான் விரிகிறது. பேனாவுக்குப் பதில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஊதினேன். பொட்டு அப்படியே இருந்தது; இடைவெளிதான் கூடியது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இடையில் இரண்டு நாள் லீவு. அதுவரை அந்தப் பிள்ளை, தான் தப்பாகக் கேட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.