பூட்டிய வீடு

ஆனி, செவ்வாய் இரவு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று பள்ளி விட்டு வந்தபோது, இருளர் குடியிருப்பிலிருந்து கன்னியம்மா வாசலில் நின்றிருந்தாள். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"செங்கல் சூளைக்குப் போனோம் சார். வூட்ட பூட்டிக்கினு போனா, ஊரவுட்டே போய்ட்டோம்னு எழுதிடுவியா? எங்க மாமியார பொதச்ச எடம் இங்கதான கீது. அதுகிட்ட கேட்டிருந்தாகூட சொல்லியிருக்குமே!"

எழுதியது நான்தான்; பள்ளி வேலையோடு, வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. பூட்டிய வீடுகளையெல்லாம் 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்' என்று போட்டு அன்றே முடிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். எனக்குப் பத்து வருடம் பின்னால் வேலைக்கு வந்து, எனக்கு மேலே உட்கார்ந்த மனிதர். சூளைக்குப் போனவர்கள் மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவளுக்குப் புது மனு எழுதிக் கொடுத்தேன். கட்டைவிரலை அழுத்தி உருட்டினாள். மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

நடந்ததை மாவட்ட அலுவலகத்துக்கு இப்போது எழுதி முடித்தேன். அதில் மேற்பார்வையாளர் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. கையெழுத்தில்லாத கடிதத்தை அங்கே யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். காலையில் அப்படியே தபாலில் போட்டுவிடுவேன்.