இடப்பக்கம் வந்த பந்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

உலக வாலிபால் போட்டியில் நம் அணி ஏழு முறை ஆடி ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. நாளை ஜெயித்தால் தாண்டிவிடுவோம். அதற்காகத்தானே பன்னிரண்டு வருஷம் உன்னைத் தனியாக விட்டுவிட்டு அலைந்தேன்?

இன்று பயிற்சியில், இடப்பக்கம் வந்த பந்து முகத்தில் அடித்தது. வந்ததே தெரியவில்லை.

"என்ன கேப்டன், தூக்கமா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அணியின் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "எத்தனை விரல்?" என்றார்.

குத்துமதிப்பாக, "மூணு" என்றேன்.

"நான் கையையே தூக்கலையே, தம்பி. இடது கண்ணுல விழித்திரை பிரிஞ்சிருக்கும்போல, இன்னொரு அடி பட்டா பார்வை திரும்பாது. கோச்சுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஒரே ஒரு ஆட்டம், மறைத்துவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. கோச் அறை வாசலில் கால் மரத்துப்போகும்வரை நின்றேன். பிறகு கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

காலையில் ஆபரேஷன். ஆட்டத்தை ஒரு பந்து விடாமல் பார்த்து வை. இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருப்பார்கள், நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

பயமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன்னவன்