தொப்பியைத் தொட்டால் ஓடு

வெண்டல்,

நேற்றைய தோல்விக்கு உன் பையன்களைத் திட்டாதே.

பதினெட்டு வருடம் நம் கல்லூரி பேஸ்பால் அணிக்கு நீ தலைமைப் பயிற்சியாளர், நான் உன் துணை. போன வருடம் நிர்வாகத்திடம் போய், "பாவம், அவனுக்குக் கண்ணு மங்கிடுச்சு, அனுப்பிடுங்க" என்றாய். அனுப்பினார்கள். எதிரணி சேர்த்துக்கொண்டது.

"பையன்களுக்கு ஓடச் சொல்லிக் காட்டுற சைகையை அவர் மாத்தியிருக்க மாட்டாரா, கோச்?" என்று நேற்று ஆட்டத்துக்கு முன் என் பந்து வீச்சாளன் கேட்டான்.

"மாத்தத் தெரிஞ்சாத்தானேடா! எல்லாம் நான் உருவாக்கிக் கொடுத்தது."

நீ தொப்பியைத் தொட்டாய். உன் பையன் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேருமுன்பே என் பையன்கள் எறிந்த பந்து அங்கே காத்திருந்தது. இப்படியே ஐந்து பேர் அவுட். அத்தனை சைகையையும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்தே படித்தேன்.

இப்படிக்கு,
கண் மங்கியவன்