லிஃப்டில் உன் இடம்

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அண்ணன், அண்ணி, நம் கேள்விப்பெட்டிப் பேத்தி எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக, போன கடிதம் எழுதியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் அகலமாகவே இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, மாப்பிள்ளை போன வாரம் உன் அண்ணனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறதாம், ஆபீஸ் மீட்டிங்கில் எழுந்து நின்றவள் கண் இருட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டாயாம், பத்துக் கிலோ குறைந்த பிறகுதான் அம்மா வீட்டு வாசலை மிதிப்பேன் என்று எடுத்த டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டாயாம். சொன்னதற்காக அவரைப் பிடித்துத் திட்டாதே, பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நான் போனில் கேட்டால் நீ சரிம்மா, அடுப்புல ஏதோ கருகுது, அப்புறம் பேசறேன்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் திரும்ப எடுத்துப் படிப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் கட்டிடத்தில் நடந்த கூத்தைக் கேள், சிரித்துவிட்டு அப்புறம் என் பேச்சுக்கு வா. நம் லிஃப்டுக்குள் எட்டுப் பேர் என்று தகடு அடித்திருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். காலை எட்டரைக்கு ஏழாவது மாடியிலிருந்து செருப்புக் கடை அண்ணன் தம்பி இரண்டு பேர், ஐந்தாவதில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, நம் நாலாவதில் உன் அண்ணன், அண்ணி, நீ, மூன்றாவதில் நர்ஸ் அக்கா, இரண்டாவதில் தையல்கார ஊசி அண்ணன் என்று சரியாக எட்டுப் பேர் அடைத்துக்கொண்டு இறங்குவீர்கள். நீ கல்யாணமாகிப் போய்ப் பதிமூன்று வருடம் ஓடிவிட்டது, உன் இடத்துக்குப் புதிதாக ஒருத்தரும் வரவில்லை, அதே ஏழு பேர்தான் அதே நேரத்துக்கு அதே மூலையில் நின்று போகிறார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஊசி அண்ணன் இரண்டாவது மாடியில் வலது காலை உள்ளே வைத்தார், பாரம் கூடிவிட்டது என்று லிஃப்டு கீச்சென்று கத்திவிட்டது, கதவு மூடவில்லை. காலை எடுத்தார், சத்தம் நின்றது. வைத்தார், மறுபடியும் கத்தியது. செருப்புக் கடைப் பெரியவர் உள்ளேயிருந்து, என்ன ஊசி, நேத்து ராத்திரி தையல் மிஷினையே முழுங்கிட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். உன் அண்ணனாவது வாயை மூடிக்கொண்டிருந்தானா, எங்க ஆறு பேருக்கு அடிக்காத மணி உங்களுக்கு அடிக்குதுன்னா நீங்கதான் கொஞ்சம் உடம்பைப் பாத்துக்கணும்ண்ணே என்று புத்தி வேறு சொல்லியிருக்கிறான். ஊதினால் பறந்துவிடுகிற மனுஷன் அவர், பெல்ட்டில் ஓட்டை பத்தாமல் ஆணியால் குத்தி இறுக்கிக் கட்டுகிறவர், இறங்கிப் படியில் போயிருக்கிறார். செவ்வாய், புதன், வியாழன், தினமும் அதே கதை. வெள்ளிக்கிழமை அவர் பெண்சாதி என்னிடம் வந்து கண் கலங்குகிறாள், அவரு காலையில சாப்பிடறதையே விட்டுட்டாருங்க, வெறும் சுடுதண்ணியக் குடிச்சிட்டுப் போறாரு, கேட்டா லிஃப்டே காறித் துப்புது, எனக்கு எதுக்குச் சாப்பாடுங்கறாரு என்று.

லிஃப்டு மெக்கானிக்கை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவன் மேலே ஏறிப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான், மிஷின் கல்லு மாதிரி இருக்கு சார், நீங்கதான் சார் என்று இழுத்தான், உன் அண்ணன் முறைத்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டுப் போய்விட்டான். உடனே செருப்புக் கடைப் பெரியவர் லிஃப்டுக்கு வயசாகிப்போச்சு, மாத்தணும் என்று ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தார். உன் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார், வயசாயிடுச்சுன்னு மாத்தறதா இருந்தா இந்த வீட்டுல முதல்ல என்னைத்தான்யா மாத்தணும் என்றார்.

இங்கேதான் நம் கேள்விப்பெட்டி வந்தாள். உன் அண்ணன் மகள் என்று சொல்வதைவிட என் பேத்தி என்று சொல்லிக்கொள்ளத்தான் எனக்குப் பிடிக்கிறது. நீ கல்யாணமாகிப் போனபோது பாவாடையில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தவள், இப்போது பதினாறு வயது, என் தோளுக்கு மேலே நிற்கிறாள். கடைசியா ஏறினவரு மேலயே எப்படி பாட்டி பழி போடறது, ஆள மாத்தி ஏத்திப் பாத்தாங்களா என்று கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை, ஆனால் இத்தனை பட்டம் வாங்கின ஏழு பேருக்கும் தோன்றவில்லையே என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். சனிக்கிழமை காலையில் ஏழு பேரையும் கீழே வரச் சொல்லி, ஊசி அண்ணனை முதலில் ஏற்றி மூலையில் நிறுத்தினாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தராக ஏறினார்கள், கடைசியாக நர்ஸ் அக்கா காலை வைத்தாள், கீச். எல்லாரையும் இறக்கி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைக் கடைசியாக ஏற்றினாள், கீச். உன் அண்ணியைக் கடைசியாக, கீச். உன் அண்ணன் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு, ஏதோ தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் போகிறவன் மாதிரி நுனிக்காலில் ஏறினான், அவனுக்கு அடித்த சத்தத்தில் கீழ்வீட்டு நாயே எழுந்து குரைத்தது. ஏழு பேரையும் ஒரு சுற்று விட்டாள், ஏழு பேருக்கும் மணி அடித்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதோடு விட்டாளா. உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் கீழே ரத்த தான முகாம் வைத்தார்களே, அப்போது ஆளுக்கு ஆள் எடை பார்த்து எழுதின நோட்டு நர்ஸ் அக்காவிடம் பத்திரமாக இருந்தது. எடை பார்க்கிற மிஷினையும் அவளே கொண்டுவந்தாள். உன் அண்ணன் செருப்பைக் கழற்றினான், கைக்கடிகாரத்தைக் கழற்றினான், கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டு எவ்வளவு காட்டுது என்று கேட்டான், கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தெரியவில்லை. ஊசி அண்ணன் பதிமூன்று வருடத்தில் கால் கிலோகூட ஏறவில்லை. மற்ற ஆறு பேரும் ஒருத்தர் எட்டு, ஒருத்தர் பதினொன்று, உன் அண்ணன் பதினாலு என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் அறுபத்தொரு கிலோ. அந்த நோட்டில் உன் பெயரும் இருந்தது, ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. கேள்விப்பெட்டி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அத்தையையும் அவங்க ஆபீஸ் பையையும் ஏத்தினா எவ்வளவோ அவ்வளவு, அத்தையோட இடத்த நீங்க ஆறு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டுட்டீங்க என்றாள். அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் செருப்புக் கடைப் பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. அப்புறம் அவரே ஊசி அண்ணனின் கையைப் பிடித்து, தப்பா பேசிட்டேன் ஊசி, மனசுல வச்சுக்காதீங்க என்றார். இனிமேல் அவர்தான் முதலில் ஏற வேண்டும், மற்ற ஆறு பேரில் ஒருத்தர்தான் இறங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவாகி, லிஃப்டு இப்போது ஏழாவது மாடிக்குப் போவதற்கு முன்னால் இரண்டாவதில் நின்று அவரை ஏற்றிக்கொண்டு மேலே போய்த் திரும்புகிறது. மனுஷன் ராஜா மாதிரி மூலையில் நிற்கிறார், காலையில் நன்றாகச் சாப்பிடவும் செய்கிறார்.

சிரித்துவிட்டாயா, இப்போது என் பக்கத்தில் உட்கார். நீ ஏதோ நாக்கைக் கட்டத் தெரியாததால் குண்டானதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் எப்படி நாக்கு நீண்டது. இந்தக் கேள்வியையும் என் பேத்திதான் கேட்டாள், புத்தகத்தைப் பார்த்தும் நர்ஸ் அக்காவைக் கேட்டும் அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பில் இருக்கிற சதை, அதாவது வலுவான தசை, கொஞ்சம் தீனி எரித்துக்கொண்டே இருக்குமாம். நாற்பதை நெருங்க நெருங்க அந்தத் தசை சொல்லாமல் கொள்ளாமல் கரையுமாம், நாமோ தட்டில் போடுகிற அளவை மாற்றுவதில்லை. வருடத்துக்கு முக்கால் கிலோதான் ஏறுகிறது, முக்கால் கிலோ யார் கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய வில்லன் நாற்காலியாம். உன் அண்ணன் அச்சகத்தில் பேப்பர்க் கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தான், மேனேஜர் ஆக்கி ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா டீச்சராக இருந்தபோது நாள் முழுக்க நின்றவர், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கி ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நீயும் கட்டிடம் கட்டுகிற இடத்தில் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய், பெரிய இன்ஜினியர் ஆக்கி உன்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். இந்த வயதில் உட்கார வைப்பதைத்தான் பதவி உயர்வு என்கிறார்கள் போல. அதோடு பிள்ளை படிப்பு, வீட்டுக் கவலை, தூக்கம் கெடுவது, தூக்கம் கெட்டால் மறுநாள் வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பது. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, மாதம் வருவது தட்டிப்போய் நிற்கப்போகிற காலத்தில், கை காலில் இருந்த கொழுப்பெல்லாம் இடுப்புக்கும் வயிற்றுக்கும் குடிவந்துவிடுமாம். நர்ஸ் அக்கா தன் வயிற்றைத் தட்டிக்கொண்டே சொன்னாள், ஊருக்கெல்லாம் நான் சொல்றேன், இது என் பேச்சையே கேக்க மாட்டேங்குதே என்று.

பட்டினி கிடந்தால் கொழுப்போடு அந்தத் தசையும் சேர்ந்து போகும், இருக்கிற அடுப்பையும் அணைத்துவிட்டுச் சமைக்கப் பார்க்கிற மாதிரி என்று நர்ஸ் அக்கா சொன்னதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள். ராத்திரி கொஞ்சமாகவாவது சாப்பிடு, நேரத்தோடு சாப்பிடு. நட, படி ஏறு, ஏதாவது கனமான சாமானைத் தூக்கு. கண் இருட்டினது எதனால் என்று டாக்டரிடம் காட்டு, தைராய்டுக்கும் ஒரு தரம் ரத்தம் பார்த்துவிடு. இங்கே எங்கள் ஆட்கள் இப்போது முறை வைத்திருக்கிறார்கள், தினம் ஒருத்தர் படியில் இறங்க வேண்டும், ஊசி அண்ணனுக்கு மட்டும் விலக்கு. முறை வராத நாளிலும் உன் அண்ணி படியில்தான் போகிறாள். உன் அண்ணன் தன் முறை வரும் நாளில் மட்டும் முழங்கால் வலி என்கிறான், கேள்விப்பெட்டி கூடவே இறங்கி, பத்துப்படி, இருபதுப்படி என்று எண்ணிக்கொண்டு அவனை ஓட்டிப்போகிறாள்.

இனி எழுதப்போவதை உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. நீ பத்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து மேடையில் கோப்பை வாங்கின நாளில் நான் வரவில்லை, தலைவலி என்றேன். எனக்கு அன்றைக்குத் தலை வலிக்கவே இல்லை. அப்போது எனக்கு நாற்பத்திநாலு வயது, எனக்கும் எல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த சமயம், ஏன் இப்படி ஊதுகிறோம் என்று கேட்க ஆளில்லை, எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். நல்ல ஜாக்கெட் மூன்று இருந்தது, மூன்றிலும் கை நுழையவில்லை. மூன்றாவதைக் கிழித்தே விட்டேன், கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நீ சாயங்காலம் வந்து, கூட்டத்துல உன்னத் தேடினேம்மா, நீல ஜாக்கெட் போட்ட ஒருத்தர நீன்னு நினைச்சுக் கை காட்டிட்டேன் என்றாய். இருபத்தொன்பது வருடமாக அந்த நீல ஜாக்கெட்காரி என் கண்ணில் நிற்கிறாள். நான் எப்படி இருந்தேன் என்று நீ பார்த்திருக்கவே மாட்டாய், வந்தேனா என்றுதான் பார்த்திருப்பாய். இது எனக்கு விளங்குவதற்குள் நீ பறந்துவிட்டாய்.

அடுத்த மாதம் கடைசி சனிக்கிழமை கேள்விப்பெட்டியின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. இந்த லிஃப்டு ஆராய்ச்சியைத்தான் பெரிய அட்டையில் படம் போட்டு மேடையில் நின்று விளக்கப்போகிறாள், ஏழு பேரும் ஏறி நிற்கிற மாதிரி வரைந்து, எட்டாவது இடத்தைக் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறாள். யார் இது என்று கேட்டதற்கு, அத்தை வந்ததும் பாத்து வரைவேன் என்றாள். எந்த எடையில் வந்தாலும் அந்த எடையில் வரைந்துகொள்வாள், நீ வரவில்லை என்றால் அது கோடாகவே நிற்கும். அவள் மேடையில் நின்று கூட்டத்தில் யாரையோ பார்த்து நீ என்று நினைத்துக் கை காட்டும்படி வைத்துவிடாதே, என் கண்ணு. டிக்கெட்டைத் திரும்ப எடு.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், மூன்று பேரும் நூறு வயது நோயில்லாமல் இருக்க வேண்டும், சேர்ந்து உட்கார்ந்து ராத்திரியில் வயிறாரச் சாப்பிட வேண்டும். வரும்போது உன் எடை மிஷினைப் பெட்டியில் வைத்து எடுத்துவராதே, இங்கே லிஃப்டே பார்த்துச் சொல்லிவிடும். நீ வருகிற அன்று பெட்டியும் பையுமாக எல்லாரும் ஏறி, மணி அடித்தால் நீ முகம் சுருங்கி இறங்கப் பார்ப்பாய், இறங்காதே. நான் இறங்கிக்கொள்கிறேன். பத்து நாளாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் பழகுகிறேன், இன்றைக்கு மூன்றாவது மாடிவரை நிற்காமல் வந்துவிட்டேன், நர்ஸ் அக்கா கதவைத் திறந்து பார்த்துக் கை தட்டினாள். இன்னும் ஒரே ஒரு மாடிதான் பாக்கி.

இப்படிக்கு,
நீ வருவதற்குள் நாலாவது மாடியையும் ஏறிக் காட்டப்போகிற,
உன் அம்மா