மணி அடிக்காத மன்றம்

என் அன்புச் சம்பந்தி அலமேலுவுக்கு,

நம் மன்றத்துக்குக் கல்லூரி அங்கீகாரம் கொடுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ, "இன்னாடி ஆச்சி, சொல்லித் தொலை" என்று பதறுவாய். எனக்குத்தான் இன்னும் பதற்றம் அடங்கவில்லை. கிடைத்த விதத்தைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாயா, சண்டைக்கு வருவாயா? அதுதான் தெரியவில்லை.

போன வருடம் வேதியியல் செய்முறைத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விக்கு உனக்குப் பதில் தெரியும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாய். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா" என்று அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அன்று விடுதிக்கு வந்து நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்மள மாதிரி இந்தக் காலேஜுல எத்தினி பேரு இருப்பாங்க?" என்று கேட்டாய்.

எனக்கும் திக்குவாய் என்பதால் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தது எவ்வளவு நிம்மதி! ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருப்போம். நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசினால் நிச்சயதார்த்தமே ஒரு வாரம் நடக்கும் என்று நீ சிரித்தாயே, அன்றிலிருந்துதான் நாம் சம்பந்திகள்.

புதன்கிழமை மதியங்களில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூடினோம். நாம் இருவர், நைனார்பாளையத்து ஷகிலா, பி.காம். படிக்கும் இரண்டு பையன்கள். பி.டி. சார் வந்து, "பெர்மிஷன் இல்லாம இங்க கும்பலா உக்காரக் கூடாது, கெளம்புங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அங்கீகாரம் இல்லாத மன்றத்துக்கு அறை கிடையாது, அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்ட முடியாது.

நீதான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வந்தாய். பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். மன்றத்தின் விதிகளை எழுதித் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று இருக்க வேண்டும். பதினைந்து உறுப்பினர்களாவது வேண்டும். அவர்கள் பெயரைப் பலகையில் போடுவார்கள். பிறகு முதல்வரும் துறைத் தலைவர்களும் உட்காரும் குழு கூப்பிட்டுப் பேசி முடிவு செய்யும்.

உன் வேதியியல் துறை ரோஸ்லின் மேடம் பொறுப்பேற்கச் சம்மதித்தார். 'திக்குவாய் மன்றம்' என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தயங்கினார். "வேற பேரு வெச்சிக்கலாமே அலமேலு?" என்றதற்கு நீ வெகுநேரம் எடுத்துக்கொண்டு சொன்னாய்: "நாம இன்னா திருடவா போறோம் மேடம்? இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லலாம்."

வகுப்பு வகுப்பாகப் போய்ப் பதினைந்து பெயர் சேர்த்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் உன் ஊருக்குப் போனாய். காய்ச்சலோடுதான் போனாய். "ரெண்டு நாள்ல சரியாப் பூடும்" என்று பஸ் ஜன்னலில் இருந்து சைகை காட்டினாய். நீ திரும்பி வரவில்லை. அந்தக் காய்ச்சலே உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மாசி பிறந்த பிறகு அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. 'மன்றத் தலைவர் செல்வி அலமேலு குழுவின் முன் நேரில் வரவும்.' எழுதியவருக்கு விஷயம் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். எனக்கு வார்த்தை வரவில்லை. உன்னிடம் பழகியவர் அல்லவா, அவர் காத்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்ததும், "அவள கூப்டுறாங்களா? நீ போம்மா. அவளுக்காவ நீ போயி பேசிட்டு வா" என்றார்.

போகத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் ஷகிலா வந்து நின்றாள். "எம் பேர எடுத்துடுக்கா. போர்டுல போட்டா எங்க ஊர்ப் பசங்க பாப்பாங்க. வூட்ல எனக்கு மாப்ள பாத்துகினு இருக்காங்க. இவளுக்கு வாய் திக்கும்னு ஊரெல்லாம் ஆயிட்டா நான் இன்னாக்கா பண்றது?" இதைச் சொல்ல அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எப்படி வற்புறுத்துவேன்? பெயரை எடுத்துவிட்டேன். அவளைப் பார்த்து இன்னும் சிலர் விலகினார்கள். பதினைந்து பேர் இல்லாமல் குழுவின் முன் எப்படிப் போவது? வகுப்பில் பாடம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

ரோஸ்லின் மேடம்தான் விதிகளைத் திரும்பப் படித்தார். "யாரு வேணும்னாலும் சேரலாம்னுதானே இருக்கு? திக்கறவங்க மட்டும்தான்னு எங்க இருக்கு?" என்றார். காத்திருந்து கேட்கத் தெரிந்தவர்களும் சேரலாம் என்று என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண்களே நான்கு பேர் கை தூக்கினார்கள். எண்ணிக்கை எப்படியோ சேர்ந்தது.

குழு கூடிய அன்று மேடம் வாசலில் சொன்னார்: "நானும் உள்ள வரேன். ஆனா நான் பேச மாட்டேன். நீதான் பேசணும்."

நீண்ட மேசை. முதல்வர் பெயர் கேட்டார். என் பெயரே எனக்கு எதிரி என்று உனக்குத் தெரியுமே! 'க'வில் தொண்டை பூட்டிக்கொண்டது. மேசையைச் சுற்றி எல்லாரும் காகிதத்தைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தமிழ்த்துறை ஐயா இரக்கப்பட்டு, பட்டியலைப் பார்த்து, "கலைவாணியாம்மா?" என்றார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். எத்தனை வருடமாக ஆட்டிய தலை!

"நா... நானே சொல்றேங்க ஐயா" என்றேன். பிறகு சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

ஐயா கோபிக்கவில்லை. "ஏற்கெனவே பேச்சு மன்றம் இருக்கேம்மா. அதுலயே சேந்து பயிற்சி எடுத்தா சரியாயிடுமே" என்றார்.

"அங்க நேரம் முடிஞ்சா மணி அடிப்பாங்க ஐயா" என்றேன், விட்டு விட்டு. "எங்களுக்குப் பேச்சு இருக்குது. நேரம்தான் கம்மி. எங்க மன்றத்துல மணி கெடையாது."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வருஷத்துக்குக் கொடுக்கலாம். எப்படி நடத்தறாங்கன்னு பாத்துட்டு நீட்டிக்கலாம்" என்றார். "ஆனா இந்தப் பேரு வேணாம்மா. நாளைக்கு நாங்களே கேலி பண்ண மாதிரி ஆயிடும்."

அலமேலு, அங்கேதான் நான் தடுமாறினேன். இம்முறை நாக்கு அல்ல, மனசு. நீ வைத்த பெயருக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டுமோ? 'இருக்கறத இருக்கற மாதிரி' என்ற உன் குரல் கேட்டது. ஷகிலாவின் முகமும் தெரிந்தது. "நிதானப் பேச்சு மன்றம்னு வெச்சிக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கையெழுத்தாகிவிட்டது.

இப்போது முதல் மாடியில் நமக்கு ஓர் அறை. போன புதன்கிழமை முதல் கூட்டம். யாரும் வரமாட்டார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள். கதவை மூடப் போகும் நேரத்தில் ஷகிலாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் எழுந்து பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள். நின்றது. மீண்டும் ஆரம்பித்தாள். அத்தனை பேரில் ஒருவர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே முழுசாகச் சொல்லி, தன் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே வரும்போது, "இந்தப் பேரா இருந்தா எம் பேரையும் போர்டுல போட்டுக்கக்கா" என்றாள்.

சொல், நான் செய்தது சரியா? நீ வைத்த பெயரே இருந்திருந்தால் அவள் வந்திருப்பாளா? அவளுக்காக விட்டுக்கொடுத்தேனா, பயந்து விட்டுக்கொடுத்தேனா? பிடிபடவில்லை. ஒரு வருடம் கழித்து நீட்டிக்காவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வேறு. காத்திருந்ததை எல்லாம் செயல்பாட்டு அறிக்கையில் எப்படி எழுதுவது?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். நான் படிப்பு முடித்துப் போவதற்குள் குழு மீண்டும் கூப்பிடும். அன்று போய் நீ வைத்த பெயரை உன் பெயரோடு சேர்த்துக் கேட்பேன். ஆனால் அதற்கு முன் ஷகிலாவைக் கேட்பேன். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாய் திக்கும் சம்பந்தி,
கலைவாணி